நாலாம் வாரத்துக் குலுக்கல்

குருவின் பெயர் தையல்நாயகி, வயது நாற்பத்து மூன்று. சீடரின் பெயர் சிற்றம்பலம், வயது அறுபத்திரண்டு. என்னய்யா இது, வயசு தலைகீழாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். என்ன செய்வது, நடந்தது அப்படித்தான்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்திலிருந்து ஒரு மைல் உள்ளே நடந்தால் அந்த அம்மாவின் இடம் வரும். ஆசிரமம் என்று போர்டு கிடையாது. ஓட்டுக் கொட்டகை மூன்று, அடுப்பு மூன்று, ஒரு கிணறு, கொஞ்சம் நிலம். பஸ்ஸில் 'மூணடுப்பு' என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள்.

மாதத்துக்கு ஒன்பது பேர், இருபத்தெட்டு நாள். அங்கேயே தங்கிவிட்ட சிற்றம்பலம் ஒருவர், வெளியூரிலிருந்து மாதாமாதம் புதிதாக வருகிறவர்கள் எட்டுப் பேர். ஓர் அடுப்புக்கு மூன்று பேர். அந்த மூவரும் ஒரு வாரம் சேர்ந்து சமைக்க வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும், சேர்ந்து களை பறிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் குலுக்கி ஆள் மாறுவார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை ஒரே அடுப்பில் இருந்த இரண்டு பேர் அந்த மாதத்தில் மறுபடி ஒன்றாக வரக்கூடாது.

தியானம், உபதேசம் எதுவும் கிடையாதா என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

"முதல்ல மூணு பேரும் உப்பு எவ்வளவுன்னு ஒத்துப்போங்க. அப்புறம் பாக்கலாம்" என்பார் தையல்நாயகி.

வருகிறவர்கள் ஆளுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் கொண்டுவர வேண்டும், பேர் வெட்டினது. குலுக்கலுக்கு அதுதான் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் அந்த அம்மா ஒன்பது டம்ளரையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்காருவார். எடுப்பார், வைப்பார், மாற்றுவார். ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

சிற்றம்பலத்துக்கு இது பொறுக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவர்.

"இதுக்கு ஒரு புரோகிராம் எழுதினா நொடியில் வந்துடும்மா."

"வேகமா வரணும்னு யாரு அழுதா? ஒவ்வொரு டம்ளரா எடுக்கறப்ப அந்த ஆளை நினைச்சுக்கறேன்."

"அப்ப நீங்களே யாரு யார்கூடன்னு முடிவு பண்ணிடலாமே. சீட்டு எதுக்கு?"

"நான் முடிவு பண்ணினா என் மேல கோவம் வரும். சீட்டு மேல யாரு கோவப்படுவாங்க?"

"எழுதட்டுமா, வேணாமா?"

"உங்களுக்குக் கை அரிக்குது. எழுதுங்க."

எழுதினார். அதொன்றும் பிரமாத வேலை இல்லை. ஒன்பது பேரையும் மெஷின் கலைத்துப்போடும், மூன்று மூன்றாக வெட்டும். யார் யார் ஏற்கெனவே ஒரே அடுப்பில் இருந்தவர்கள் என்று உள்ளே ஒரு பட்டியல். அதில் உள்ள ஜோடி மறுபடி வந்துவிட்டால், அந்தக் குலுக்கலைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கலைக்கும். முட்டாமல் வரும்வரை கலைத்துக்கொண்டே இருக்கும். பதினோரு மாதம் ஒரு குறை சொல்ல முடியாமல் ஓடியது. சிற்றம்பலம் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

பன்னிரண்டாவது மாதம் வருகிறவர்களின் பட்டியல் வந்தது. ஐந்தாவது பெயர்: பொற்கொடி, வயது முப்பத்து நாலு, லேப் டெக்னீஷியன், திருக்கோவிலூர்.

அவருடைய மகள். ஒரே மகள்.

மனைவி செண்பகவல்லியின் காரியம் முடிந்த பதினேழாம் நாள் வீட்டுச் சாவியை மகள் கையில் கொடுத்துவிட்டு வந்தவர் சிற்றம்பலம். அதற்கப்புறம் இரண்டு வருஷம் போகவில்லை, பேசவில்லை. கோபமா என்றால் இல்லை. பயம். மகள் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். செண்பகவல்லி கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்கு எதிரே ரோட்டுக்கு அந்தப்பக்கம் டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவில்லை. ஏன் போகவில்லை என்றுதான் கேட்பாள். வேறு எதைக் கேட்பாள்?

பொற்கொடி வந்து இறங்கிய அன்று அவர் கிணற்றடியில் இருந்தார்.

"அப்பா" என்றாள்.

"வாம்மா. பஸ்ஸில் கூட்டமா?" என்றார். பதில் வருவதற்குள் வாளியை எடுத்துக்கொண்டு மேல் நிலத்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் டம்ளர் கூடையில் ஒன்பது டம்ளர் இருந்தது. ஒன்றில் 'செண்பகவல்லி' என்று வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வந்த டம்ளர், முப்பத்தாறு வருஷம் அவர் காபி குடித்த டம்ளர். தன் பெயர் வெட்டின டம்ளரா அவளுக்குக் கிடைக்கவில்லை?

அன்றைக்கு முதல் குலுக்கல். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் பட்டியல் காலியாக இருக்க வேண்டிய நாள். சிற்றம்பலம் அதில் ஒரு வரி எழுதினார். சிற்றம்பலம், பொற்கொடி. அவ்வளவுதான். இந்த இரண்டு பேரும் முன்னமே ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் என்று மெஷின் நம்பிவிடும், சேர்க்கவே சேர்க்காது.

இதில் பொய் என்ன இருக்கிறது என்று மனசுக்குள் வாதாடியும் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஒரே அடுப்பில்தானே சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொண்டார். ஆளுக்குத் தகுந்த சமாதானம்.

முதல் வாரம் பொற்கொடி அவரோடு வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை, மூன்றாவது வாரமும் வரவில்லை. சீட்டைப் படிக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் அடுப்புக்குப் போய்விடுவாள். ஓர் அடுப்புக்காரர்கள் கிணற்றடியில், இன்னோர் அடுப்புக்காரர்கள் மேல் நிலத்தில், மற்றவர்கள் மாட்டுக் கொட்டகையில் என்று வேலை பிரிந்து கிடந்ததால் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பது பெரிய கஷ்டமும் இல்லை. மூன்று வாரத்தில் அப்பாவும் மகளும் பேசினது பத்து வார்த்தை இருக்கும்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் சிற்றம்பலம் லேப்டாப்பைத் திறந்தார். வழக்கமாகக் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற சமாசாரம். அன்றைக்கு முடியவில்லை. எத்தனை தடவை கலைத்தது என்ற எண் மட்டும் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆயிரம், லட்சம், கோடி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுதினதை வரிவரியாகப் படித்தார். ஒரு கமா தப்பில்லை. ஒன்பது பேரை மூன்று மூன்றாகப் பிரிக்க மொத்தமே இருநூற்று எண்பது வழிதான் உண்டு. அது அவருக்கே நன்றாகத் தெரியும். கோடி தடவை கலைத்தும் வரவில்லை என்றால், வழியே இல்லை என்றுதான் அர்த்தம்.

முதலில் உள்ளே என்ன போட்டாய் என்று பார், அப்புறம் புரோகிராமைப் பார் என்று முப்பத்தோரு வருஷம் பையன்களிடம் கத்தினவர். அன்றைக்கு எல்லாவற்றையும் பார்த்தார், அந்தப் பட்டியலை மட்டும் பார்க்கவில்லை.

தையல்நாயகி நிழலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சிற்றம்பலம் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு போய் நின்றார்.

"அம்மா, இந்த வாரம் ஒரு விதிவிலக்கு வேணும்."

"என்ன?"

"பழைய ஜோடி ஒண்ணு திரும்ப வந்தா பரவாயில்லைன்னு விட்டுடலாம். ஒண்ணே ஒண்ணு."

"ஏன்?"

"மெஷின் நிக்க மாட்டேங்குது. ஆறு கோடியைத் தாண்டிடுச்சு."

"மெஷின் தப்புப் பண்ணுதா?"

"மெஷின் தப்புப் பண்ணாதும்மா. நாம சொன்னதைச் செய்யும்."

"சரி. நீங்க என்ன சொன்னீங்க அதுகிட்ட?"

சிற்றம்பலம் லேப்டாப்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "சில சமயம் இப்படி ஆயிடும்மா. முன்னாடி வாரங்கள்ல விழுந்த விதம் அப்படி. துரதிர்ஷ்டம்தான்" என்றார்.

தையல்நாயகி கையிலிருந்த புளியை முறத்தில் போட்டார்.

"வாத்தியாரய்யா, நான் ஏன் பத்தாவது ஆளைச் சேர்க்கறதில்ல தெரியுமா?"

"இடம் இல்லைன்னு."

"இடத்துக்கு என்ன குறைச்சல்? ஒன்பது பேர், மூணு அடுப்பு, நாலு வாரம். இதை எப்படிக் குலுக்கினாலும் முட்டாது. பத்து வருஷம் கையால அடுக்கிப் பாத்திருக்கேன். ஒரு தடவைகூட முட்டினதில்ல. டம்ளர் கூடையை எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தார்.

"முதல் வாரம் ஒரே அடுப்புல இருந்தவங்களைக் குறுக்கால வரிசையா வைங்க. மூணு வரிசை."

வைத்தார்.

"ரெண்டாவது வாரம் ஒண்ணா இருந்தவங்க நெட்டுக்கு ஒரே வரிசையா வர்ற மாதிரி, அந்தந்த வரிசைக்குள்ளயே தள்ளி மாத்துங்க."

மாற்றினார். மூன்றுக்கு மூன்று என்று கட்டம் பிசகாமல் நின்றது.

"மூணாவது வாரம்?"

"அதுல ஒரே அடுப்புல இருந்தவங்க கட்டத்துல சிதறிக் கிடக்கறாங்களே" என்றார் சிற்றம்பலம்.

"அடுப்புக்கு ஒண்ணா அடையாளம் போடுங்க."

ஓர் அடுப்புக்காரர்களின் டம்ளரில் புளியங்கொட்டை, இன்னோர் அடுப்புக்குக் கல் உப்பு, மற்றதுக்குக் காய்ந்த மிளகாய். சிற்றம்பலத்தின் டம்ளரில் புளியங்கொட்டை விழுந்தது.

"இப்ப உங்க டம்ளரைப் பாருங்க. குறுக்கால உங்க வரிசையில இருக்கற ரெண்டு பேரோட முதல் வாரம் இருந்துட்டீங்க. எடுத்துக் கூடையில போடுங்க."

போட்டார்.

"நெட்டுக்கு ரெண்டு பேர்."

போட்டார்.

"புளியங்கொட்டை இன்னும் ரெண்டு டம்ளர்ல இருக்கு. அவங்க மூணாவது வாரத்து ஆளுங்க."

அதையும் எடுத்துப் போட்டார். எடுக்கும்போதே கை மெதுவாகிவிட்டது. தரையில் அவருடைய டம்ளரைத் தவிர இரண்டு மிச்சம் நின்றது. ஒன்று கண்டக்டர் தேவசகாயத்துடையது. பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் டிக்கெட் கிழித்தவர், வாய் ஓயாத மனுஷர். இன்னொன்றில் 'செண்பகவல்லி' என்று இருந்தது.

பக்கத்தில் லேப்டாப் சூடாகிக்கொண்டிருந்தது, எண் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த வாரம் உங்களுக்கு ரெண்டு பேர் வேணும். மிச்சம் இருக்கறது ரெண்டே பேர். மெஷின் ஏன் இதைச் சொல்ல மாட்டேங்குது?" என்றார் தையல்நாயகி.

சிற்றம்பலம் சொல்லிவிட்டார். பட்டியலில் எழுதின வரி, டீக்கடை, சாவி, எல்லாவற்றையும் சொன்னார். பாடம் நடத்துகிற குரலில்தான் ஆரம்பித்தார். நடுவில் அந்தக் குரல் எங்கேயோ போய்விட்டது.

தையல்நாயகி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஒரே ஒரு வரிம்மா. ஒரு ஜோடி சேராட்டி என்ன ஆயிடும்னு நினைச்சேன்."

"ஒன்பது பேரும் இப்ப அடுப்பு இல்லாம நிக்கறாங்க. அதான் ஆச்சு."

"நான் கிளம்பிடறேன். இன்னிக்கே போயிடறேன். எட்டுப் பேரை வெச்சு நடத்திக்குங்க."

"எட்டுப் பேர் மூணு அடுப்புக்கு எப்படி?"

"ஒரு அடுப்புல ரெண்டு பேர் இருந்துக்கட்டும்."

"எந்த ரெண்டு பேர்?"

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் இல்லாத அடுப்பில் மிச்சம் இருக்கப்போவது கண்டக்டரும் மகளும். ஒரு மாசச் சம்பளத்தை விட்டு லீவு போட்டு வந்த பெண் கடைசி வாரம் தேவசகாயத்தின் பஸ் கதைகளைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போவாள். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். அவராக இருந்தால் பார்க்க மாட்டார்.

"அவ என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும்மா."

"என்ன?"

"ஏன் உள்ள வரலைன்னு."

"ஏன் போகல?"

சிற்றம்பலம் யோசித்தார். இரண்டு வருஷமாக யோசித்து வைத்திருந்த பதில்கள் இருந்தன. பிரஷர் என்று ஒன்று, டாக்டர் கூட்டம் போடாதே என்றார் என்று ஒன்று. தையல்நாயகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றில் எதையும் சொல்ல முடியவில்லை.

"தெரியலம்மா" என்றார்.

"தெரியலைன்னு சொல்ல ஏழு நாள் இருக்கு. போய் அந்த வரியை அழிங்க."

அழித்தார். எண் சட்டென்று நின்றது. ஒன்பது பெயரும் திரையில் வந்து உட்கார்ந்தன, இவ்வளவு நேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்த மாதிரி.

சாயங்காலம் எல்லாரையும் கூட்டி வைத்துச் சீட்டைப் படித்தார். முதல் அடுப்பு மூன்று பேர், இரண்டாவது அடுப்பு மூன்று பேர். மூன்றாவது அடுப்பு என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். தேவசகாயம், பொற்கொடி, சிற்றம்பலம்.

பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள். வழக்கம்போலச் சரி என்று தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் சிற்றம்பலம் அடுப்படிக்குப் போனபோது அவள் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். கேட்கப்போகிறாள் என்று நின்றார்.

"தீப்பெட்டி இருக்காப்பா?" என்றாள்.

மத்தியானம் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள். வந்துவிட்டது என்று நினைத்தார்.

"உப்புப் பாருங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கண்டக்டர் பேசினார். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன பஸ்ஸை ஒரு புளியமரம் பிடித்து நிறுத்திய கதை. சிற்றம்பலத்துக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. களை பறிக்கும்போது மகள் பக்கத்து வரப்பில் இருந்தாள். அவள் மூச்சுவிட்டால்கூடக் கேள்வி வருகிறதோ என்று கையை நிறுத்திக் காதைக் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. கேட்டுத் தொலைத்துவிட்டால் தேவலையே என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது.

புதன்கிழமை உலை வைத்திருந்தார்கள். அரிசி கழுவி வந்து உட்கார்ந்த பொற்கொடி, சிற்றம்பலத்தை ஒரு தரம் பார்த்தாள். அதைக் கண்டக்டர் பார்த்தார்.

"கறிவேப்பிலை இல்லியே. நான் பறிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார். கறிவேப்பிலை முறத்திலேயே இருந்தது.

அடுப்பு புகைந்தது. சிற்றம்பலம் ஊதுகுழலை எடுத்தார், ஊதாமல் கீழே வைத்தார்.

"பொற்கொடி."

"ம்."

"அன்னிக்கு நான் எதிர்த்தாப்பல டீக்கடையிலதான் இருந்தேன்."

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"மூணாவது மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தேன். மூணு தடவை எழுந்து ரோடு வரைக்கும் வந்தீங்க. மூணு தடவையும் திரும்பிப் போய் உக்காந்துட்டீங்க."

சிற்றம்பலத்துக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். அப்பா எதிர்லதான் இருக்கார்னேன். கண்ணாடி போட்டிருக்காரான்னு கேட்டாங்க."

கண்ணாடி இல்லாவிட்டால் சிற்றம்பலத்துக்குப் பத்தடியில் வருகிற லாரி தெரியாது. பதற்றத்தில் அதை மறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். முப்பத்தாறு வருஷம் வாசல்வரை கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் செண்பகவல்லி.

"போட்டிருக்கார்னு சொன்னேன். 'அப்பச் சரி, ரோட்டைத் தாண்டி வந்துடுவார்'னாங்க. அதுக்கப்புறம் பேசல."

உலை சலசலக்க ஆரம்பித்தது. சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் தாண்டலியேம்மா."

"ஏன்ப்பா?"

கேட்டேவிட்டாள். இரண்டு வருஷமாக அவர் ஓடி ஒளிந்த கேள்வி உப்புப் பார்க்கச் சொன்ன அதே குரலில்தான் வந்தது. அவருக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அடக்கவும் இல்லை.

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல."

பொற்கொடியின் கண்ணிலும் நீர் இருந்தது. புறங்கையால் துடைத்தாள்.

"அரிசியைப் போடணும். தள்ளிக்குங்க" என்றாள். அரிசியைப் போட்டுவிட்டு, "கண்ணாடியைப் போட்டுக்குங்கப்பா. அடுப்புல விழுந்துடும்" என்றாள்.

சோறு வெந்து வடித்த பிறகுதான் கண்டக்டர் வந்தார். தோளில் ஒரு சுமை கறிவேப்பிலை.

"ஒரு ரசத்துக்கு இவ்வளவாய்யா?" என்றார் சிற்றம்பலம்.

"மரம் தீர்ந்துபோச்சு. இல்லாட்டி இன்னும் கொஞ்ச நேரம் பறிச்சிருப்பேன்" என்றார் தேவசகாயம்.

ஏழு நாளும் முடிந்தது. பஸ்ஸுக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். சிற்றம்பலம் மகளின் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். வழியில் தான் வீட்டுக்கு வருவதைப் பற்றி ஏதோ சொன்னார், அவள் தீபாவளிக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும் என்று ஏதோ சொன்னாள். பஸ் வந்தது.

"டம்ளரை மறந்துட்டுப் போறியே" என்றார் திடீரென்று ஞாபகம் வந்து.

"மறக்கலப்பா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது தையல்நாயகி அடுத்த மாதத்துக்காக அடுப்புக்குச் சாணம் மெழுகிக்கொண்டிருந்தார். சிற்றம்பலம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு விஷயம் அவருக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா, மூணு வாரம் என் பேரு அவகூட வரல. இது என்ன குலுக்கல்னு அவ உங்ககிட்ட வந்து கேக்கவே இல்லியா?"

"வந்தா. மூணாவது சீட்டுப் படிச்ச அன்னிக்கு. நோட்டுல ஒன்பது கட்டம் போட்டு எடுத்துட்டு வந்தா."

"கட்டமா?"

"நான் டம்ளரை அடுக்கற அதே கணக்குதான். வாத்தியார் பொண்ணாச்சே."

"என்ன கேட்டா?"

"அவ எதுவும் கேக்கல. நான்தான் கேட்டேன், பேரை இந்த வாரமே மாத்திப் போடட்டுமான்னு. வேணாம்னுட்டா."

"ஏனாம்?"

தையல்நாயகி சாணக் கையை வாளியில் அலம்பினார்.

"'அப்பாவுக்கு மத்தவங்க எல்லாரும் தீர்ந்துபோகட்டும்மா. கடைசியில நான்தானே மிச்சம் இருப்பேன்'னா. சொல்லிட்டுப் பாத்திரம் கழுவப் போயிட்டா."